எட்டு டிகிரிக்கு மேல் இருபத்தெட்டு நிமிடம்

2025 செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை, மாலை 4.52. பெங்களூரு நகர ரயில் நிலையம். வானத்தில் எட்டில் ஏழு பங்கு மேகம். தென்மேற்கில் கார்முகில் திரண்டு நிற்கிறது. மழை தொடங்கி ஆறு நிமிடம். வெளியே 23 டிகிரி இருக்கலாம், இது ஊகம். என் மடியிலிருந்த தெர்மோகோல் பெட்டிக்குள் 5.6, இது அளந்தது.

பெட்டிக்குள் என் மனைவி வசந்தாவின் வயிற்றிலிருந்து அன்று காலை எடுத்த கட்டியின் ஒரு துண்டு இருந்தது. எடை ஆறு கிராம். சினைப்பையில் வந்த புற்று இரண்டாம் முறையாகத் திரும்பியிருந்தது. இனி கத்தி வைக்க முடியாது, இதுதான் கடைசி என்று சேலத்தில் சர்ஜன் சொல்லிவிட்டார். ஆகவே அந்த ஆறு கிராமுக்கு மாற்று கிடையாது. அதையும், பிறகு எடுக்கப்போகும் அவள் ரத்தத்தையும் வைத்து அவளுக்கென்றே ஊசி மருந்து செய்யும் ஆய்வகம் ஒன்று பெங்களூரின் ஓரத்தில் ஹெப்பகோடியில் இருக்கிறது. துண்டை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைத்து, அன்று மாலை ஏழு மணிக்குள் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் அனுப்பிய தாளில் இருந்தது.

பெட்டியோடு ஆளும் வண்டியும் அனுப்புவதாகச் சொன்னார்கள். கட்டணத்தில் அதுவும் சேர்ந்தேதான் இருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு ஆளை வேண்டாம் என்றேன். முன்பின் தெரியாதவர் வழியில் டீ குடிக்க இறங்குவார், பெட்டி வெயிலில் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. நான் வானிலை நிலையங்களில் முப்பத்தாறு வருடம் அப்சர்வராக இருந்தவன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு எட்டுத் தடவை, வெள்ளை மரக் கூண்டைத் திறந்து வெப்பமானியைப் படித்து எழுதுவதுதான் என் வேலை. ஒரு பெட்டியின் குளிரை என்னைவிட யார் ஒழுங்காகக் கவனிப்பார்கள்?

பெட்டிக்குள் வெப்பமானி எதுவும் கண்ணில் படாதது எனக்குப் பெரும் கவலையாகிவிட்டது. எட்டுக்குள் வைக்கச் சொல்கிறவர்கள் எட்டு தாண்டியதா என்று பார்க்க வழி செய்ய வேண்டாமா? என்னுடைய சொந்த வெப்பமானியை எடுத்து, அதன் குமிழ் துண்டு இருந்த குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி நூலால் கட்டினேன். காலை 10.40க்குப் பெட்டி மூடப்பட்டது. 11 மணி முதல் அரை மணிக்கு ஒரு தடவை ஒட்டுநாடாவைப் பிரித்து, மூடியைத் தூக்கி, படித்து, மூடி, ஒட்டி, நோட்டில் எழுதினேன். தடவைக்குப் பத்து வினாடி.

ரயிலில் எதிரே பெங்களூரு ஒக்கலிபுரத்துக்காரர் ஒருவர், காலடியில் இரண்டு பை ஜவ்வரிசியோடு உட்கார்ந்திருந்தார். நான் நான்காவது தடவை திறந்தபோது, "குஞ்சு பொரிக்குமா சார்?" என்று கேட்டார். மூடியை ஒட்டி நோட்டில் எழுதினேன். ஒசூர் தாண்டிச் சில நிமிடம் கழித்து எங்கே போகிறேன் என்று விசாரித்தார். ஹெப்பகோடி என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"அந்தா, அந்தப் பக்கந்தான் ஹெப்பகோடி. ஒசூர்ல எறங்கி பஸ் ஏறியிருந்தா அரை மணில வூட்டு வாசல்ல நின்னிருப்பீங்க. இப்போ சிட்டி வரைக்கும் போயி அத்தனையும் திரும்பி வரணும்."

பேருந்துக்கு நேரம் நிச்சயமில்லை, ரயிலுக்கு அச்சடித்த நேரம் இருக்கிறது என்று நம்பி ஏறியவன் நான். வண்டி வேகம் குறையவே இல்லை. போக வேண்டிய இடம் ஜன்னல் வழியே பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறங்கும்போது அவரே இன்னொன்றும் சொன்னார். ஆட்டோவில் ஏற வேண்டாம், இந்த மழைக்கு ஒக்கலிபுரம் பாலத்தடியில் தண்ணீர் கட்டிக்கொள்ளும், மெட்ரோவில் போங்கள், இப்போது அந்தப் பக்கம் வரைக்கும் லைன் போட்டாகிவிட்டது. ஐந்து மணிக்கு மெட்ரோ வாசலில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 6.1. அரை மணியில் அரை டிகிரி ஏறியிருந்தது. இனி கால் மணிக்கு ஒரு தடவை பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மெட்ரோவில் எல்லாப் பைகளையும் எக்ஸ்ரே பெல்ட்டில் போடச் சொல்கிறார்கள். கதிர் பட்டால் துண்டுக்கு என்ன ஆகுமோ என்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். காவலர் கன்னடத்தில் உள்ளே என்ன என்றார். பனிக்கட்டி என்றேன். பனிக்கட்டிக்குள்? மாமிசமா? பொய் சொல்ல எனக்கு வராது. ஆமாம் என்றேன். யாருக்கு, எந்தக் கடை என்று கேட்டார். ஹெண்டதி என்றால் மனைவி என்று எனக்குத் தெரியும். என் ஹெண்டதியுடையது என்றேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து விசில் ஊதினார்.

வரிசை எனக்குப் பின்னால் வாசல் வரை நீண்டது. ஒரு பெண் அதிகாரி வந்தார். தமிழ் பேசினார். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்.

"தெறக்கக் கூடாதும்மா. தெறந்தா கெட்டுப்போயிடும்" என்று கிட்டத்தட்டக் கத்தினேன். அதற்குள் நான் பதின்மூன்று தடவை திறந்திருந்தேன்.

ஆய்வகத்தின் கடிதத்தை நீட்டினேன். அவர் கடைசி வரி வரை படித்தார். கையில் வைத்திருந்த கருவியைப் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை ஓட்டினார். "அம்மா இப்போ எப்பிடி இருக்காங்க சார்?" என்றார். இன்னும் கண் விழிக்கவில்லை என்றேன். கம்பியை அவரே தள்ளித் திறந்துவிட்டார். இந்த விவகாரத்தில் பதினைந்து நிமிடமும் 5.15 அளவீடும் போயின.

5.30க்கு நடைமேடையில் 6.6. 5.45க்கு ஓடும் வண்டியில் 7.0. ஆறு மணிக்கு வண்டி மாறும் படிக்கட்டில் கூட்டம், திறக்க முடியவில்லை. புது வழித்தடத்தில் அடுத்த வண்டிக்காக நின்றபோது 6.15, அளவு 7.7. வண்டிக்குள் பக்கத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை அடையாள அட்டை மாட்டிய பெண்மணி ஒருவர் எனக்கு இடம் கொடுத்தார். தர்மபுரிப் பக்கம். கேக்கா என்று கேட்டார். மருந்து என்றேன். 6.30க்கு மூடியைத் தூக்கினேன். 8.2.

"மூடுங்க சார், இருக்கிற குளிரெல்லாம் போயிடும்" என்றார் அந்தப் பெண்மணி.

"எவ்வளவு இருக்குன்னு தெரியாம எப்படிம்மா இருக்கிறது?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் கவனிக்கவில்லை. வண்டிக்குள் எல்லோரும் கைப்பேசியில் குனிந்திருந்தார்கள். வெளியே, கீழே, மூன்று வரிசையாக வாகனங்கள் மழையில் அசையாமல் நின்றன. வசந்தாவைக் கொல்லப் பார்த்த ஒன்று உயிரோடு இருக்க வேண்டுமே என்று காலையிலிருந்து பாடுபடுகிறேனே என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. 6.45க்கு ஹெப்பகோடி நிலையப் படிக்கட்டின் கீழே கடைசியாகத் திறந்தேன். 8.9. ஓட முடிந்த வரை ஓடினேன். 6.52க்குக் கொடுத்தேன். மொத்தம் பதினெட்டு தடவை திறந்திருந்தேன்.

ஆய்வகத்தில் பெட்டியை வாங்கியவர் டாக்டர் நளினி. நாற்பது வயதிருக்கும். நான்கு தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பமாம். கையுறை மாட்டி, மூடியின் உட்புறத் துணியைக் கிழித்து, அதற்குள்ளிருந்து தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்து கணினியில் செருகினார். பெட்டிக்குள்ளேயே வெப்பநிலையைத் தானாகப் பதிந்துகொண்டே வரும் கருவி. அந்த நிமிடம் வரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. திரையில் ஒரு கோடு வந்தது. முதலில் மட்டமாக, பிறகு பல்லுப் பல்லாக. ரம்பம் மாதிரி.

"சார், வழில யாராச்சும் தெறந்தாங்களா? மெட்ரோல செக்யூரிட்டியா?"

பழியைப் போட ஆள் கையில் இருந்தது. "நான்தாம்மா" என்றேன்.

"எத்தன தடவ?"

"பதினெட்டு."

அவர் விரலால் எண்ணினார். "இதுல பதினேழுதான் தெரியுது."

"மொத தடவை ஆஸ்பத்திரில ஏசிக்குள்ள தெறந்தேன். அது பதிஞ்சிருக்காது."

அவர் சிரிக்கவில்லை. கோட்டின் கடைசிப் பகுதியைக் காட்டினார். எட்டுக்கு மேல் 47 நிமிடம், உச்சம் 11.3. எட்டுக்கு மேல் மொத்தம் முப்பது நிமிடம் வரை பொறுப்பார்கள், அதைத் தாண்டினால் எடுப்பதில்லை என்பது அவர்கள் விதி. பனிக்கட்டிப் பைகள் வழக்கமாகப் பதினாலு மணி நேரம் தாங்குமாம். நான் எட்டு மணி நேரத்தில் தீர்த்திருந்தேன். துண்டை உடனே ஆழ்குளிரில் நிறுத்திவைப்பதாகவும், வைத்துக்கொள்வதா கழிப்பதா என்பதைத் தரப் பிரிவின் தலைவர் ராவ் வியாழக்கிழமை முடிவு செய்வார் என்றும் சொன்னார்.

"எல்லாம் செத்துப்போச்சாம்மா?" என்று கேட்டேன்.

"செல்லா? அது சாகத்தான் வேணும் சார். நாங்களே நாளைக்குக் கொல்லத்தான் இருந்தோம். உயிரோட இருக்கிற கேன்சரைத் திரும்ப அம்மாவுக்குள்ள போட முடியுமா? ஆனா அது தானாச் சூட்டுல அழுகிச் சாகக் கூடாது. அப்போ உள்ள இருக்கிற புரோட்டீனை அதுவே தின்னுடும். அப்புறம் காட்டுறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

யாருக்குக் காட்டுவது என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

புதன்கிழமை. பிரேசர் டவுன், டேவிட் ஞானராஜ் வீடு. டேவிட் என்னோடு ஒரே நிலையத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன், பிறகு மாற்றலாகி இங்கேயே வீடு கட்டிவிட்டான். காலை 6.10க்கு 20 டிகிரி, மேகமூட்டம். அவன் மனைவி எஸ்தர் முட்டையும் ரொட்டியும் வைத்தார்கள். நான் ஒன்றரைத் துண்டு சாப்பிட்டேன்.

பத்து மணிக்கு என்னை ஒரு ஓட்டலுக்கு இழுத்துப்போனான். இங்கே ஒரு காபி சொல்லி, 'பை டூ' என்றால் அதை இரண்டு தம்ளரில் பாதிப் பாதி ஊற்றிக் கொடுக்கிறார்கள், யாரும் கேவலமாக நினைப்பதில்லை. சேலத்தில் அப்படிக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நேற்று மழையில் தெருவில் எல்லார் ஸ்கூட்டரும் முழுகிவிட்டது, என்னுடையது மட்டும் தப்பித்தது என்றார் ஒருவர். எப்படி என்றார் மற்றவர். போன வாரம் திருடு போய்விட்டதே என்றார் முதலாமவர். டேவிட் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

11.05க்கு வசந்தாவின் தங்கை கமலா சேலத்திலிருந்து அழைத்து, போனை அக்காவின் காதில் வைத்தாள். வசந்தாவின் குரல் காய்ந்திருந்தது.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன். 6.52க்கு."

"எத்தன தடவ தெறந்து பாத்தீங்க?"

நான் அவளிடம் திறந்ததாகச் சொல்லவே இல்லை. கல்யாணமாகி நாற்பத்தோரு வருடம். "பதினெட்டு" என்றேன்.

"நான் மயக்கத்துல கெடந்தது நல்லதாப் போச்சு. இல்லன்னா என்னையும் அரை மணிக்கு ஒருக்கா எழுப்பிப் பாத்திருப்பீங்க" என்றாள். சிரிக்கப்போய் தையல் வலித்து நிறுத்திக்கொண்டாள் என்று பிறகு கமலா சொன்னாள். 47 நிமிடத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

டேவிட் என் நோட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்தான். "யோவ் சுந்தரம், கவர்மென்ட்டு கூண்டையே நீ நாளைக்கு எட்டு தடவைதான்யா தெறந்த. பொண்டாட்டி பெட்டிய எட்டு மணி நேரத்துல பதினெட்டா?" என்றான். எங்கள் தொழிலில் முதல் பாடம், வெப்பமானியைப் படிக்கும்போது தசமத்தை முதலில் படி, முழு எண்ணைப் பிறகு படி என்பது. பக்கத்தில் நிற்கும் நம் மூச்சும் உடம்புச் சூடும் அதைத் தள்ளிவிடும். அதை எத்தனையோ புதியவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் டேவிட்தான் ஒன்றைக் கண்டுபிடித்தான். அவர்களுடைய கருவி எங்கே இருந்தது என்று கேட்டான். மூடியில். என் வெப்பமானி? குழாயைத் தொட்டுக்கொண்டு. மூடியைத் திறந்தால் முதலில் சூடாவது மூடிப் பக்கத்துக் காற்று. குழாய் அடியில், பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவில் இருக்கிறது. "அவனுக்கு வேண்டியது காத்தோட சூடா, கறியோட சூடா? நாளைக்கு இந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டு" என்றான்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 6.15க்கு 7.7, 6.30க்கு 8.2 என்றால் எட்டைத் தாண்டியது 6.24. அங்கிருந்து 6.52 வரை 28 நிமிடம். முப்பதுக்குள். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் 28. அன்று மத்தியானம் எஸ்தர் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பை முழுவதும் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை 9.05க்கு ஆய்வகத்தில் இருந்தேன். வரச் சொன்னது பத்துக்கு. ராவ் வரும் வரை டாக்டர் நளினி ஒரு கண்ணாடிச் சுவருக்கு வெளியே என்னை உட்கார வைத்து, திரையில் ஒரு செல்லைக் காட்டினார். உடம்பெல்லாம் கிளை கிளையாக நீட்டிக்கொண்டிருந்தது. டென்ட்ரிடிக் செல். வசந்தாவின் ரத்தத்திலிருந்து அவர்கள் செய்யப்போவது இதைத்தான்.

"புற்றைக் கொல்றது டி செல் சார். ஆனா முழு செல்லைப் பாத்து இது கெட்டதுன்னு கண்டுபிடிக்க அதுக்குத் தெரியாது. யாராச்சும் சின்னதா ஒடைச்சு எடுத்துக் காட்டணும். காட்டுற வேலை இதோடது."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். இந்தக் கிளைச் செல் திசுக்களுக்குள் சுற்றி வருகிறது. செத்த செல் கிடைத்தால் விழுங்குகிறது. விழுங்கியது ஒரு பைக்குள் போகிறது. வழக்கமாக வெளியிலிருந்து விழுங்கிய சரக்கைச் சிறு துணுக்குகளாக்கி, தன் மேல்தோலில் ஒரு வகைத் தாங்கியில் மாட்டிக் காட்டும். அதைப் பார்ப்பவை உதவி செய்யும் டி செல்கள் மட்டும். கொல்லும் டி செல்கள் பார்ப்பது இன்னொரு வகைத் தாங்கியை. அதில் ஒரு செல் தனக்குள்ளே தானே செய்த பொருளின் துணுக்குகள்தான் ஏறும். அப்படியானால் விழுங்கிய புற்றின் துணுக்கு அந்தத் தாங்கிக்கு எப்படிப் போவது?

அங்கேதான் செத்துப்போனது உதவுகிறது. உயிருள்ள செல் தன் உள் இழைகளை மூடி வைத்திருக்கும். கிழிந்து செத்த செல்லில் அந்த இழை வெளியே தெரியும். கிளைச் செல்லில் அதற்கென்றே ஒரு கொக்கி இருக்கிறது. இழை அந்தக் கொக்கியில் மாட்டினால், விழுங்கிய பை ஓட்டையாகி, சரக்கு செல்லுக்குள்ளே கசிகிறது. உள்ளே வந்துவிட்டதால் அதுவும் உள்ளூர்ச் சரக்காகி, எட்டு ஒன்பது அமினோ அமில மணி நீளத் துணுக்காக வெட்டப்பட்டு, கொல்லிகள் பார்க்கும் தாங்கியில் ஏறிவிடுகிறது. பிறகு இந்தச் செல் நெறிக்கட்டும் இடத்துக்கு நடந்து போய் நிற்கிறது. டி செல்கள் ஒவ்வொன்றாக வந்து உரசிப் பார்க்கின்றன. லட்சக்கணக்கில் ஏதோ ஒன்றுக்குத்தான் பொருந்தும். பொருந்தியது பெருகும்.

உடம்பில் தினமும் கோடிக்கணக்கில் செல்கள் சத்தமில்லாமல் சாகின்றனவாம். அவற்றையும் இது விழுங்குகிறது, காட்டுகிறது. ஆனால் சாதாரணமாகக் காட்டினால், இது நம் ஆள், தொடாதே என்று டி செல் கற்றுக்கொள்ளும். ஆகவேதான் துண்டை இவர்கள் உறைய வைத்து, உருக்கி, மறுபடி உறைய வைத்து, முரட்டுத்தனமாக உடைக்கிறார்கள். கிளைச் செல்லுக்குத் தனியாக உசுப்பேற்றும் மருந்தும் கொடுக்கிறார்கள். "காட்டுனா மட்டும் பத்தாது சார், அவசரம்னு சொல்லிக் காட்டணும்" என்றார். பலன் கொடுக்குமா என்று கேட்டேன். சிலருக்குக் கொடுக்கிறது, பலருக்கு இல்லை, கேரண்டி கிடையாது என்று நேராகச் சொன்னார். துண்டு ஒழுங்காக வந்திருந்தால் ஆறு ஊசிக்கு வரும் என்றார்.

நாங்கள் வானத்தை ஐந்தைந்து இலக்கமாகச் சுருக்கித் தந்தியில் அனுப்புவோம். சென்னையில் இருந்தவர் எங்கள் வானத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. எண்ணைத்தான் பார்த்தார், அதை நம்பித்தான் படகுகளை நிறுத்தினார். இதை நளினியிடம் சொன்னேன். "கரெக்ட் சார், அதே வேலைதான்" என்றார்.

10.20க்கு ராவ் வந்தார். அறுபதை நெருங்குபவர், நெற்றியில் சந்தனம், பேச்சு கன்னடமும் ஆங்கிலமும் கலந்து. நளினி இடையிடையே தமிழில் சொன்னார். நோட்டை மேசையில் விரித்தேன். மூடியின் காற்றுக்கும் குழாயின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். எப்படிப் படித்தீர்கள் என்றார். தசமம் முதலில் என்றேன். அவர் புருவம் உயர்ந்தது. இருபது வருடமாகத் தன் ஆட்களுக்குச் சொல்லியும் ஏறவில்லை என்றாராம். பென்சிலால் 6.15க்கும் 6.30க்கும் நடுவே கோடு போட்டு அவரும் கணக்குப் பார்த்தார். "இருபத்தெட்டு" என்றார்.

பிறகு பென்சில் முனை நோட்டின் வலது பக்கம் நகர்ந்தது. நாங்கள் எப்போதும் இரண்டு பத்தி போடுவோம். 'பார்த்தது' ஒன்று. 'திருத்தியது' ஒன்று. எந்த வெப்பமானியும் முழுக்கச் சரியாகக் காட்டாது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று ஒரு திருத்தம் உண்டு. அதைச் சேர்த்து எழுதினால்தான் அது அளவீடு. பயணத்தில் பழக்க தோஷத்தால் இரண்டு பத்தியும் கோடு போட்டிருந்தேன். இரண்டாவதைப் பிறகு நிரப்பலாம் என்று காலியாக விட்டிருந்தேன்.

என் வெப்பமானி பத்தில் ஒரு டிகிரி குறைவாகக் காட்டும். ஒவ்வோர் எண்ணோடும் 0.1 கூட்ட வேண்டும். கூட்டினால் எட்டைத் தாண்டிய நேரம் 6.24 அல்ல, 6.21. இருபத்தெட்டு முப்பத்தொன்றாகிவிடும். புதன்கிழமை மூன்று தடவை கணக்குப் போட்டபோதும் இதைப் பார்க்காமல் விட்டேனா, பார்க்க மனமில்லாமல் விட்டேனா என்று எனக்குத் தெரியாது.

ராவ் கேட்டதை நளினி தமிழில் சொன்னார். "இந்தப் பத்தி காலியா இருக்கே சார், இது என்ன?"

சுவர்க் கடிகாரத்தில் வினாடி முள் நகர்வது கேட்டது. இந்த மனிதர் என் துண்டைப் பார்க்கவில்லை, என் பெட்டியைப் பார்க்கவில்லை, என் எண்ணைத்தான் பார்க்கிறார். முப்பத்தாறு வருடத்தில் ஒரு நாள் ஒரு தசமம் தப்பாக அனுப்பிவிட்டேன் என்று, வீட்டிலிருந்து மழையில் நான்கு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போய்த் திருத்தியவன் நான். நான்கு வினாடி எண்ணினேன்.

"அது தேவைப்படலைம்மா" என்றேன்.

ராவ் கையெழுத்துப் போட்டார். என் காது இரண்டும் சுட்டன.

மாலை ஐந்து மணிக்கு நளினி வெளியே வந்தார். உடைத்து, வடிகட்டி, புரோட்டீனை அளந்திருந்தார்கள். கிருமிச் சோதனை இதுவரை சுத்தம். நான்கு ஊசிக்கு வரும். ஆறு வராது. துண்டில் கொழுப்பு கொஞ்சம் அதிகமாக இருந்தது என்றார். நான் திறந்ததாலா என்று கேட்டேன். அதிலும் கொஞ்சம் போயிருக்கலாம், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். வற்புறுத்தினேன். "சார், அளக்க முடியாததை நான் எப்பிடி நம்பர்ல சொல்றது?" என்றார்.

5.40க்கு ஹெப்பகோடி நடைமேடையிலிருந்து வசந்தாவை அழைத்தேன். எதிர்ப்பக்கம் வண்டி வந்து நின்றது.

"நாலு ஊசிதான் வருமாம்."

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"நாலு!"

"ஆறுன்னாங்களே?"

"நான் தெறந்து தெறந்து பாத்ததாலயும் இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாமாம்."

"சரி, நாலாச்சும் வந்துச்சே" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. திருத்தப் பத்தியைப் பற்றிச் சொன்னேன். சேர்த்திருந்தால் நான்கும் வந்திருக்காது என்றும் சொன்னேன். வண்டிச் சத்தத்தில் மறுபடி கேட்கவில்லை என்றாள். நடைமேடையில் அத்தனை பேருக்கு நடுவில், 0.1 சேர்க்கவில்லை என்று உரக்கச் சொன்னேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சைக்கிள் நாளில் எனக்குத் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். பத்தில் ஒன்று எனக்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்.

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. இன்னும் ஆபீஸ்ல இருப்பாங்க. திரும்பிப் போய்ச் சொல்லிடலாம்னு..."

"சொல்லாதீங்க" என்றாள்.

நாற்பத்தோரு வருடத்தில் என் கணக்குகளைக் கிண்டல் செய்திருக்கிறாளே தவிர, எதையும் மாற்றச் சொன்னதில்லை. அவள் மூச்சு போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த வண்டி வந்தது. ஏறிவிட்டேன். வெள்ளிக்கிழமை சேலம் திரும்பினேன்.

நான்கு ஊசியும் போட்டு முடிந்த பிறகு, இனி எழுதலாம் என்று அவளே சொன்னதால் இதை எழுதுகிறேன். காட்டியதை டி செல்கள் பார்த்தனவா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். அந்த நான்கு நாள் பயணத்துக்கு எனக்கு ஆன செலவு 3,842 ரூபாய், இரண்டு ஊசி, பத்தில் ஒரு டிகிரி.